சாப்பாட்டு நோய்க்கான சிகிச்சைக்கு உண்மையில் ஆதாரம் இருக்கிறதா? – பொகவந்தலாவையிலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் இதைத்தான் முதலில் எடுக்கிறேன். மற்றவை கொஞ்சம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா குரல் பதிவு அனுப்பியிருக்கிறார். மகளுக்கு 16 வயது, சாதாரண தரப் பரீட்சை எழுதப் போகிறாள். எட்டு மாதமாகச் சாப்பாடு குறைந்துகொண்டே வருகிறது. கிளினிக்கில் காட்டியபோது அனொரெக்சியா, அதாவது சாப்பாட்டை ஒதுக்கி உடம்பை ஆபத்தான அளவுக்கு மெலியவிடும் மனநோய், என்று சொல்லியிருக்கிறார்கள். கனடாவில் இருக்கிற தம்பி மனைவி, "குடும்பத்தை வைத்துச் செய்கிற சிகிச்சைதான் விஞ்ஞானத்தில் நிரூபிச்சது" என்கிறாராம். கொழும்பில் வேலை செய்கிற மூத்த மகன், "அதெல்லாம் சின்னச் சின்ன ஆய்வு, பாதிப் பேருக்குக்கூட குணமாகல, ஆதாரமே இல்ல" என்கிறானாம். அக்கா கேட்பது இதுதான்: "டொக்டர், ரெண்டுல எது உண்மை? நா காலையில மலைக்குப் போனா சாயந்தரந்தான் வீட்டுக்கு வருவேன். நா என்னதான் செய்யுறது?"

அக்கா, உங்கள் மகன் சொல்கிற கணக்கு சரி. அந்தக் கணக்கை வைத்து அவன் வந்த முடிவுதான் தவறு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

முதலில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். நான் மனநலப் பிரிவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நேரம். இதே நோயோடு ஒரு பிள்ளை வார்டில் இருந்தாள். அவளுடைய அம்மா இரண்டு பஸ் மாறி, ரொட்டியும் கத்தரிக்காய்ப் பிரட்டலும் சுற்றி எடுத்துக்கொண்டு வருவார். "அம்மா, நீங்க கிட்ட இருந்தா பிள்ளை சாப்பிடாது, வெளியில இருங்க" என்று நான் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. சூடு ஆறக் கூடாது என்று அந்தப் பார்சலை முந்தானைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு, நடைபாதைச் சுவரோரமாக ஒரு மணி நேரம் நின்றார். அன்று நான் சொன்னதற்குப் பின்னால் ஒரு ஆய்வும் இல்லை. எனக்கு மூத்தவர்கள் அப்படிச் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அனொரெக்சியா நெர்வோசா என்ற பெயரை வைத்தவர் லண்டன் வைத்தியர் வில்லியம் கல். 1874-ல் அச்சான அவருடைய கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயம் சொல்கிறார். நோயாளிக்கு நேரம் தவறாமல் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. அவர்களைப் பார்த்துக்கொள்ளச் சொந்தக்காரர்கள்தான் பொதுவாக ஆக மோசமானவர்கள் என்பது மற்றது. முதல் பாதி இன்றைக்கும் நிற்கிறது. இரண்டாவது பாதியை நெடுங்காலம் யாரும் சரியாகச் சோதித்துப் பார்க்கவில்லை, ஆனாலும் நூறு வருஷத்துக்கு மேல் தாய் தகப்பனை வாசலுக்கு வெளியே நிறுத்தியது அதுதான்.

அதைச் சோதித்த முக்கியமான ஆய்வு 1987-ல் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையிலிருந்து வந்தது. 80 பேர். வார்டில் வைத்து எடையைக் கூட்டி வீட்டுக்கு அனுப்பும்போது, சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குக் குடும்பத்தோடு சிகிச்சை, மறு பகுதிக்குத் தனியாகப் பேசும் சிகிச்சை. சின்ன வயதில் நோய் தொடங்கி, மூன்று வருஷத்துக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குக் குடும்பச் சிகிச்சை தெளிவாகக் கை கொடுத்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்கள் 21 பேர்தான். உங்கள் மகன் "சின்ன ஆய்வு" என்பது இதைத்தான், அவன் சொல்வது சரி. ஒரு நாள் கொழுந்து நிறுவையை மட்டும் பார்த்து இது நல்ல மலை, அது மோசமான மலை என்று எந்தக் கங்காணியும் முடிவு கட்ட மாட்டார். மழை, வெயில், கவ்வாத்து வெட்டிய காலம் எல்லாம் பார்த்துத்தான் சொல்வார்.

அதனால் திரும்பவும் நிறுத்துப் பார்த்தார்கள், அதாவது மறுபடியும் ஆய்வு செய்தார்கள். 2010-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டும் சிக்காகோவும் சேர்ந்து 121 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், சிகிச்சை முடிந்த நேரம் முழுமையாகத் தேறியவர்கள் குடும்பச் சிகிச்சையில் 42 சதவீதம், தனிச் சிகிச்சையில் 23 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று கணக்கு சொன்னது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது 49-க்கு 23. அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. "பாதிப் பேருக்குக்கூட குணமாகல" என்று மகன் சொல்கிற எண் அந்த 49 ஆகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அக்கா, அந்த எண்ணைத் தனியாக வைத்துப் பார்க்கக் கூடாது. பக்கத்தில் இருக்கிற 23-ஐயும் சேர்த்துப் பாருங்கள். இன்னொன்று, அங்கே "தேறியது" என்றால் எடையும் திரும்பி, சாப்பாட்டைப் பற்றிய பயமும் மற்றப் பிள்ளைகள் அளவுக்கு வந்திருக்க வேண்டும். அது கடுமையான அளவுகோல்.

இப்போது பெரிய நிபுணர் குழுக்களே இதில் எப்படிப் பிரிகிறார்கள் பாருங்கள். 2017-ல் பிரித்தானியாவில் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டுகிற நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி, பிள்ளைகளுக்கு முதலில் குடும்பச் சிகிச்சையைக் கொடுங்கள் என்றது. அதற்கு அடுத்த வருஷம், நடந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடை போடுகிற கொக்ரேன் ஆய்வுக்குழு 25 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, இதற்கான ஆதாரம் குறைவு, தரமும் குறைவு என்றது. ஒன்று பொய்யா? இல்லை. கொக்ரேன் கேட்டது "எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்" என்று. நைஸ் கேட்டது "நாளைக் காலையில் கதவைத் தட்டுகிற பிள்ளைக்கு எதைக் கொடுப்பது" என்று. கனடாவிலிருந்து ஒன்றும் கொழும்பிலிருந்து மற்றதும் உங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உங்கள் கேள்வி இரண்டாவது கேள்வி அக்கா. உங்களுக்கு நாளைக் காலை இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் நியாயமானதுதான். சிகிச்சையைக் கண்டுபிடித்தவர்களே ஆய்வும் செய்தால் சாதகமாகத்தானே வரும் என்பது. அப்படி நடக்கும். ஆனால் மாறியும் நடந்திருக்கிறது. 2014-ல் டென்மார்க்கில், ஆழ்மனப் பகுப்பாய்வில் நம்பிக்கை உள்ளவர்கள் ஒரு ஆய்வு செய்தார்கள். புலிமியா, அதாவது அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுத்து வெளியேற்றும் நோய், உள்ள 70 பேர். ஒரு பகுதிக்கு இரண்டு வருஷம் தங்களுடைய பகுப்பாய்வு, மறு பகுதிக்கு ஐந்து மாதத்தில் 20 முறை சி.பி.டி. என்கிற சிந்தனை, நடத்தைச் சிகிச்சை. இரண்டு வருஷ முடிவில் அந்தப் பழக்கம் நின்றவர்கள் பகுப்பாய்வில் 15 சதவீதம், சி.பி.டி.யில் 44 சதவீதம். தங்கள் கை தோற்றதை மறைக்காமல் அவர்களே அச்சில் போட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. புலிமியாவுக்கு சி.பி.டி. என்று நான் தயங்காமல் சொல்வதற்கு இப்படியான ஆய்வுகள்தான் காரணம்.

வயது வந்தவர்களின் அனொரெக்சியாவுக்கு அந்தத் தைரியம் எனக்கு இல்லை. நியூசிலாந்தில் 2005-ல் 56 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு சிறப்புச் சிகிச்சைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்திருந்த சாதாரண ஆதரவுச் சிகிச்சைதான், அன்பாகக் கேட்டு, சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, எடையைப் பார்ப்பதுதான், முன்னுக்கு வந்தது. சில வருஷம் கழித்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோல. ஜெர்மனியில் 242 பேரை வைத்துச் செய்த ஆய்விலும் எடை கூடுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: ஃபுளுஒக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து புலிமியாவுக்கு உதவும், அனொரெக்சியாவில் நோய் திரும்பி வராமல் தடுக்க உதவவில்லை.

சரி, அனொரெக்சியாவுக்கான இந்தச் சிகிச்சைகள் எல்லாம் ஒரு இடத்தில் ஒன்றாக நிற்கின்றன. எந்தப் பெயர் வைத்த சிகிச்சையாக இருந்தாலும், உடம்பு பட்டினியில் இருக்கிற வரைக்கும் மனதில் பேச்சு ஏறுவது கஷ்டம். 1944, 45-ல் மினசோட்டாவில் அன்செல் கீஸ் என்பவர், திடமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். உடம்பு எடையில் கால்வாசி குறைந்தது. அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். இராப்பகலாகச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகத்தை உட்கார்ந்து படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டைப் பிட்டுப் பிட்டு, தண்ணீர் ஊற்றி, இரண்டு மணி நேரம் இழுத்தார்கள். எப்போதும் குளிர், எரிச்சல், யாரோடும் சேராமல் ஒதுங்கியிருப்பது. யாருக்கும் அனொரெக்சியா இல்லை, மெலிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை. சாப்பாடு திரும்ப ஏற ஏறத்தான், அதுவும் மாதக்கணக்கில், பழைய ஆளாக மாறினார்கள்.

நீங்கள் குரல் பதிவில் சொன்னீர்களே, மகள் ரொட்டியைப் பொட்டுப் பொட்டாகக் கிள்ளித் தட்டோரம் அடுக்குகிறாள், வெயிலிலும் இரண்டு ஸ்வெட்டர் போடுகிறாள், அப்பாயியிடம் எரிந்து விழுகிறாள் என்று. அது திமிர் இல்லை அக்கா. உங்கள் வளர்ப்பும் காரணம் இல்லை. பட்டினி கிடக்கிற மூளை அப்படித்தான் நடக்கும். கண்ணு பட்டுவிட்டது என்று அப்பாயி கயிறு கட்டச் சொன்னால் கட்டுங்கள், எனக்கு அதில் சண்டை இல்லை. கயிறு கட்டினோமே என்று கிளினிக்கைத் தள்ளிப் போடாதீர்கள், அதுதான் வேண்டுவது.

"என் மகள் குண்டாகிவிடுவேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லையே, வயிறு உப்புது என்றுதானே சொல்கிறாள்" என்றும் கேட்டீர்கள். ஹொங்கொங்கில் 1993-ல் 70 நோயாளிகளைப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவர்கள் கொழுப்புக்குப் பயந்தவர்கள் இல்லை. வயிறு நிறைந்திருக்கிறது, பசிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். அதனால் அவள் வாயில் அந்தச் சொல் வரவில்லை என்பதை வைத்து நோய் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

இனி, நீங்கள் என்ன செய்வது. நான் சொன்ன குடும்பச் சிகிச்சை ஆய்வுகள் லண்டனிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அந்த அம்மாக்கள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்கு ஓடவில்லை. உங்களைப் போன்ற வீட்டுக்கு அதை அப்படியே தூக்கிக் கொடுக்க முடியாது. அதன் உள்ளே இருக்கிறதைக் கொடுக்கலாம். அது என்னவென்றால், என்ன, எப்போது, எவ்வளவு என்று கொஞ்ச காலம் பெரியவர்கள் முடிவெடுத்து, முடிகிற வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. எடை ஏறியதும் மெல்ல மெல்ல அந்தப் பொறுப்பைப் பிள்ளையிடமே திருப்பிக் கொடுப்பது. உட்காருகிற ஆள் நீங்களாகவே இருக்க வேண்டும் என்று இல்லை. காலைக்கு நீங்கள், பகலுக்கு அப்பாயி, பள்ளிக்கூட இடைவேளைக்கு அவளுக்குப் பிடித்த டீச்சர், இரவுக்கு அப்பா. எல்லாரும் ஒரே வார்த்தை பேச வேண்டும், அதுதான் கஷ்டம். ஒருவர் "பாவம், விடு" என்றால் நோய் அந்தக் கதவால் நுழைந்துவிடும். இதில் பயிற்சி பெற்றவர் பெற்றோரை மட்டும் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தாலும் பலன் உண்டு. 2016-ல் மெல்பர்னில் 107 குடும்பங்களில், பெற்றோரை மட்டும் பார்த்த முறையில் 43 சதவீதமும், பிள்ளையையும் சேர்த்துப் பார்த்த முறையில் 22 சதவீதமும் சிகிச்சை முடிவில் தேறியிருந்தார்கள். பின்னாளில் அந்த இடைவெளி குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மகள் கிளினிக்குக்கு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிற நாளில் நீங்கள் மட்டும் போனாலும் அது வீண் இல்லை.

இதைக் கட்டாயம் கேளுங்கள். பல நாள் ஒன்றுமே சாப்பிடாத பிள்ளைக்கு வீட்டில் வைத்து ஒரேயடியாகத் திணிக்கக் கூடாது. இரத்தத்தில் பொஸ்பேட் என்ற தாது உப்பு சடாரென்று இறங்கி இதயம் பாதிக்கப்படலாம். முதல் நாட்களில் எவ்வளவு என்பதை இரத்தம் பார்த்து வைத்தியர்தான் சொல்ல வேண்டும். மயக்கம், நாடி மெதுவாக அடிப்பது, எழும்பினால் தலை சுற்றுவது, தண்ணீரும் வேண்டாம் என்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனநோய்களில் அதிகமாக உயிரைக் கொண்டுபோகிறவற்றில் இது ஒன்று. இராத்திரியில் யாரோடாவது பேச வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926.

பரீட்சையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நாடித்துடிப்பு, இரத்தம் சரியாக இருந்தால் எழுதட்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை எழுதலாம் அக்கா.

கிளினிக்குக்குப் போகும்போது, சின்ன வயசில் மிட்வைஃப் மிஸ் எடை குறித்துக் கொடுத்த வளர்ச்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் போங்கள். 2016 கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32 சதவீதம் அளவில். நம் லயத்துப் பிள்ளைகள் மெலிந்திருப்பது கண்ணுக்குப் பழகிப்போன காட்சி. "இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க இப்படித்தான்" என்று யாராவது சொல்லிவிடலாம். அப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட விடாதீர்கள். புத்தகத்தைத் திறந்து, சின்னதிலிருந்து அவள் ஏறி வந்த கோட்டைக் காட்டி, இன்றைய எடையை அதில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.