இடது கையால் அவிழ்க்கிற முடிச்சு

எல்லாருக்கும் வணக்கம். காலை 6 மணி ஆகப் போகிறது. நான் நிற்கிற இடம் பாம்பன் பக்கம் குந்துகால். பின்னால் பச்சைக் கோடு போலத் தெரிவது குருசடைத் தீவு. பங்குனிக் கடல், அலையே இல்லாமல் கிடக்கிறது. பெரியம்மா கடல்பாசி எடுக்கப் போகிற படகு இப்போதுதான் கிளம்பியது. அந்த எஞ்சின் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்துதான் பேச ஆரம்பிக்கிறேன்.

குரூப் 4 எழுதப் போகிறவர்கள் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "வீட்டில் போட்டால் வருகிறது, ஹாலில் உட்கார்ந்தால் வர மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?" இதே இடத்தில் அடிபட்டவள் என்பதால் சொல்கிறேன்.

போன தடவை எழுதினேன். 200 கேள்வி, 3 மணி நேரம். கணக்கில் 25 வரும். அதில் ஒரு குழாய்க் கணக்கு. இரண்டு குழாய் சேர்ந்து தொட்டியை நிரப்புகின்றன, நடுவில் ஒன்றை மூடிவிடுகிறார்கள், மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்? எனக்குத் தெரிந்தது மீ.சி.ம. எடுத்துப் போடுகிற முறை. போட்டேன், விடை வரவில்லை. திரும்பவும் அதே முறை. மூன்றாவது தடவையும் அதே. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் 15 நிமிடம் போயிருந்தது. கீழே நான்கு விடை கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கணக்குக்குள் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. அது தெரியாததல்ல, அந்த நேரத்தில் தோன்றவில்லை. கடைசியில் படிக்கக்கூட நேரமில்லாத கேள்விகளுக்கு "விடை தெரியவில்லை" வட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். கை வேர்த்து, விடைத்தாளில் ஒட்டியது.

ஏன் தோன்றவில்லை? பதற்றம் ஏறும்போது, நெற்றிக்குப் பின்னால் இருக்கிற, யோசித்து மாற்றி முடிவெடுக்கிற மூளைப் பகுதி மந்தமாகிவிடுகிறது. பழக்கம் முன்னால் வந்து நிற்கிறது. எது நன்றாகப் பழகியதோ அதையே கை திரும்பத் திரும்பச் செய்யும், பலன் இல்லாவிட்டாலும்.

இதை ஆபிரகாம் லூச்சின்ஸ் என்கிற உளவியலாளர் 1942-லேயே தண்ணீர்ப் பாத்திரங்களை வைத்துக் காட்டியிருக்கிறார். தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்த மாவட்டம் நம்முடையது, அதனால் குடமாகவே சொல்கிறேன். மூன்று குடம்: 21, 127, 3 படி பிடிக்கும். 100 படி அளந்து கொடுக்க வேண்டும். 127-இல் 21-ஐ எடு, 3-ஐ இரண்டு தடவை எடு, 100 வந்துவிடும். இதே வழியில் தீர்கிற கணக்குகளாக வரிசையாகக் கொடுத்தார். அப்புறம் ஒன்று: 23, 49, 3. வேண்டியது 20. 23-இல் 3 போனால் 20, அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலோர் 49-இல் 23-ஐக் கழித்து, இரண்டு தடவை 3-ஐக் கழித்து, சுற்றிக்கொண்டு போய் 20-க்கு வந்தார்கள். நேரம் வைத்து அவசரப்படுத்தியபோது பிள்ளைகளிடம் இந்தப் பிடி இன்னும் இறுகியது. நடுவில் "குருடாக இராதே" என்று தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னார். சிலருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தத் தேர்வு முடிந்து நான் யாரிடமும் பேசாமல் இருந்த நாட்களில், பெரியம்மா என்னைப் படகில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

காலில் தகரத் தட்டைக் கட்டிக்கொள்வார்கள், துடுப்பு மாதிரி. விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள், பாறை கிழிக்காமல் இருக்க. கண்ணாடி. இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து உள்ளே போய், மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையிலிருந்து பறித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு மேலே வர வேண்டும். அன்றைக்கு ஒரு புதுப் பெண்ணும் வந்திருந்தாள். கரையிலிருந்து படகு நகர்ந்ததும் பெரியம்மா அவளிடம் கேட்க ஆரம்பித்தார். "பை பாறையில மாட்டிக்கிச்சு. என்ன செய்வ?"

"இழுப்பேன்."

"இழுத்தா வரல."

அந்தப் பெண் பேசவில்லை. பெரியம்மா தன் இடுப்புக் கயிற்றைக் காட்டினார். அது உருவு முடிச்சு. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் கழன்றுவிடும். "கண்ணை மூடு. இடது கையால அவுரு." அவள் தடவினாள், கிடைக்கவில்லை. "மறுபடி." தீவு நெருங்கும்வரை பத்து தடவையாவது கட்டவும் அவிழ்க்கவும் வைத்திருப்பார். கடைசியில் அந்தப் பெண்ணின் இடது கை முடிச்சைத் தேடவே இல்லை, நேராகப் போய் முனையைப் பிடித்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீரில் இறங்கவிட்டார்.

மூச்சு முட்டுகிற நேரத்தில் புது யோசனை வராது என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். அதனால் இரண்டாவது வழியை, மூச்சு நிதானமாக இருக்கும்போதே கைக்குள் ஏற்றிவிடுகிறார். பீட்டர் கோல்விட்சர் என்கிற உளவியலாளர் "இப்படி நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பது செயலுக்கு எவ்வளவு உதவுகிறது என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு அந்தப் படகுதான் ஞாபகம் வந்தது.

நம் தீவில் மீன்பிடிக்கிறவர்களின் வாழ்க்கையே இப்படித்தான். கச்சான் காற்று எழுந்து தென்கடல் கொந்தளித்தால் வடகடலில் தொழில். ஐப்பசிக்கு மேல் வாடை பிடித்து வடகடல் கலங்கினால் தென்கடல் பக்கம். வலசை போகிறவர்கள் வீட்டுச் சாமானோடு இடம் மாறுவார்கள். இதை யாரும் தோல்வி என்று சொன்னதில்லை. ஆனால் படிக்கிற பிள்ளை ஒரு கணக்கைப் பாதியில் விட்டுத் தாண்டிப் போனால் மட்டும் மன உறுதி இல்லை என்கிறோம். எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. நானும் அந்த 15 நிமிடமும் என்னை உறுதியானவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். தினமும் ஒரே ஒரு கணக்கை இரண்டு வழியில் போடுகிறேன். விடை வந்த பிறகும் இரண்டாவது வழி கட்டாயம். மாதிரித் தேர்வை ஒரு நாள் தமிழில் தொடங்குகிறேன், ஒரு நாள் கணக்கில், ஒரு நாள் கடைசிப் பக்கத்திலிருந்து. சில நாள் மீன் இறங்கு தளத்தில் உட்கார்ந்து, ஏலச் சத்தத்துக்கு நடுவே எழுதுகிறேன். முதல் வாரம் மதிப்பெண் குறைந்தது. குறையும், பயப்படாதீர்கள். அப்புறம் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "ஒரே முறை இரண்டு தடவை வரவில்லை என்றால், பேனாவைக் கீழே வைப்பேன், மூச்சை நீளமாக விடுவேன், விடைகளைப் போட்டுப் பார்ப்பேன். அதுவும் இல்லையென்றால் தாண்டுவேன்." பேனாவைக் கீழே வைப்பது முக்கியம். கையில் இருந்தால் அது பழைய வழியிலேயே போகும்.

படபடப்பைப் பற்றியும் கேட்கிறீர்கள். "அமைதி, அமைதி" என்று சொல்லி அதை அடக்கப் பார்க்காதீர்கள். அலிசன் வுட் புரூக்ஸ் என்கிற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவதற்கு முன்னால் "நான் ஆர்வமாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கணக்குப் போடுவதற்கு முன்னால் "ஆர்வமாக இருக்கப் பாருங்கள்" என்று சொல்லப்பட்டவர்களும், "அமைதியாக இருக்கப் பாருங்கள்" என்று சொல்லப்பட்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பயத்திலும் ஆர்வத்திலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கிறது.

முடிப்பதற்குள் ஒன்று. லூச்சின்ஸ் கொடுத்த இன்னொரு கணக்கு: 28, 76, 3 படிக் குடங்கள், வேண்டியது 25. இதைப் படித்தபோது நான் நேராக 76-இல்தான் கை வைத்தேன், 28-ஐக் கழித்தேன், மாட்டிக்கொண்டேன். நேற்று ராத்திரி பெரியம்மா பாசியை உதறிக்கொண்டிருந்தபோது அவரிடம் கேட்டேன். கையை நிறுத்தவே இல்லை. "இருவத்தெட்டுல மூணு மொண்டு எடுத்தா முடிஞ்சுது. அந்தப் பெரிய குடம் எதுக்குத் தாயி நடுவுல?"