சொர்க்கத்தில் போரடிக்குமா? 337 வயதுப் பாடகியைக் கேளுங்கள்!

[கேமராவை நேராகப் பார்த்து]

சொர்க்கம் கிடைத்துவிட்டது. முதல் நாள் பிரமாதம். ஆயிரமாவது வருஷம்? பத்து லட்சமாவது வருஷம்? அரை மணி நேரம் கரண்ட் போனாலே வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிற ஆட்கள் நாம்.

முடிவில்லாத வாழ்க்கையை யாராலும் தாங்க முடியாது என்று 1973-இல் எழுதினார் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ். குணம் மாறாவிட்டால் எல்லாம் சலித்துவிடும். அடியோடு மாறிவிட்டால், அங்கே இருப்பது நீங்களே இல்லை. தத்துவம் இவ்வளவுதான். கதைக்கு வருவோம், அதுதான் ஜோர்.

அவர் சாட்சிக்கு அழைத்தது எலினா மக்ரோபுலோஸை. செக் எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1922 நாடகத்து நாயகி, அந்த 337 வயதுப் பாடகி இவள்தான். ('ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தாரே, அதே சாபெக்!) மன்னன் இரண்டாம் ருடால்ஃபுக்காக, 300 வருஷ ஆயுள் தரும் மருந்தைச் செய்கிறார் எலினாவின் அப்பா. மன்னனுக்குப் பயம். "முதலில் உன் மகளுக்குக் கொடு." அவளுக்கு 16 வயது. குடித்துவிட்டாள்.

அப்புறம்? வருஷம் ஓடுகிறது, முகத்தில் கிழடு தட்டவில்லை. ஊர் சந்தேகப்படுமே! பேரை மாற்றிக்கொண்டே போகிறாள்: எலியன் மெக்ரிகர், யூஜினியா மோன்டெஸ், கடைசியில் எமிலியா மார்ட்டி.

[திரையில் பெயர்கள் ஆங்கில எழுத்தில்]

கவனித்தீர்களா? எல்லாவற்றுக்கும் இனிஷியல் 'ஈ, எம்'. பெட்டியில் பொறித்த எழுத்தை அழிக்க வேண்டாம் பாருங்கள், சிக்கனம்! ஆதாரில் ஓர் எழுத்து தப்பினாலே நமக்கு அலைச்சல்.

இன்னும் கேளுங்கள். அவள் வம்சத்தில் வந்த இளைஞனே அவளைக் காதலிப்பதாக வந்து நிற்கிறான். அவளுக்கோ பாடினாலும் ஒன்றுதான், பாடாவிட்டாலும் ஒன்றுதான்.

வில்லியம்ஸோடு எனக்குச் சண்டை இங்கேதான். இது சலிப்பா? பழகியவர்கள் எல்லாரும் போய்ச் சேர, இவள் மட்டும் மிச்சம். தனிமை சார் இது! இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உண்ணாதவர்களால்தான் உலகம் நிலைக்கிறது என்கிறது புறநானூறு 182. எலினா தனியாகக் குடித்தவள். பலர் நம்புகிற சொர்க்கத்திலோ முன்னால் போன சொந்தமெல்லாம் காத்திருக்கும்.

சலிப்புக்கு அமெரிக்கத் தத்துவவாதி ஜான் மார்ட்டின் ஃபிஷர் 1994-இல் பதில் வைத்திருக்கிறார்: சில இன்பங்கள், இடைவெளி விட்டால் திரும்ப இனிக்கும். காலை டிகாக்‌ஷன் காபி மாதிரி. நேற்றும் குடித்தேன், இன்றும் டபராவை வழித்துத்தான் குடித்தேன்.

ஒரே சிக்கல். சொந்தமெல்லாம் இருக்கும் என்றால், "எப்போ கல்யாணம்?" என்று கேட்கிற பெரியப்பாவும் இருப்பார். முடிவே இல்லாமல் கேட்பார். அப்படியும் சொர்க்கம் வேண்டுமா? கமெண்டில் சொல்லுங்கள்.