தண்ணீர் குடிக்காத பகல்

நேயர்களுக்கு வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. சிறுநீரகக் கல்லால் அவதிப்பட்டவள் என்பதால் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வலி நடுராத்திரியில் வந்தது. இடது விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கம் ஆரம்பித்து, அடிவயிற்றுக்கு இறங்கி, தொடை இடுக்கு வரை இழுத்தது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாந்தி வேறு. கொஞ்சம் அடங்கும், அப்பாடா என்பதற்குள் மறுபடி கிளம்பும். கல் அடைத்துக்கொள்வதால் சிறுநீர் பின்னால் தேங்கிச் சிறுநீரகம் உப்புகிறது. அந்த வலிதான் அது.

ஊசி போட்ட பிறகுதான் பேசவே முடிந்தது. ஸ்கேனில் 4 மில்லிமீட்டர் கல், சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் சிறுநீர்ப்பையில் நுழையும் குறுகலான இடத்தில் நின்றது. 5 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும் என்றார் மருத்துவர். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் மட்டும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஓடி வரச் சொன்னார். சிறுநீரை வடிகட்டிப் பார்க்க, தனியாக ஒரு டீ வடிகட்டி வாங்கினோம். ஒரு நாள் காலையில் சுருக்கென்று எரிச்சல், ரத்தம் கலந்த சிறுநீர், அப்புறம் வடிகட்டியில் பழுப்பாக ஒன்று. மிளகளவு, மேலெல்லாம் முள். பரிசோதனையில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது; அதாவது கால்சியமும், சாப்பாட்டில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சேர்ந்து உறைந்த கல். பெரும்பாலானோருக்கு வருவது இதுதான்.

கால்சியம் என்றதும் மாமியார் தயிரை நிறுத்தச் சொன்னார். மருத்துவர் விடவில்லை. சாப்பாட்டோடு தயிர் சேர்ந்தால் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். குறைக்க வேண்டியது உப்பை: ஊறுகாய், அப்பளம், கருவாடு.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். நாளுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குக் குடிக்க வேண்டும். எப்படிக் குடிப்பது? முன்பு நான் வேலை பார்த்த பள்ளியில் ஆசிரியைகளுக்கென்று இருந்த ஒரே கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வராது. காலைக் காபியோடு சரி; வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். பெண் பிள்ளைகளும் அப்படித்தான். நாள் முழுக்க ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களைக் கேளுங்கள், உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைக் கேளுங்கள், இதையேதான் சொல்வார்கள்.

கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் குடித்த பிள்ளைக்குப் போக இடம் வேண்டுமே! பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரே, அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது முதலில் கழிப்பறைக்குப் போங்கள். குழாயைத் திறந்து பாருங்கள், கதவைச் சாத்திப் பாருங்கள். அப்புறம் கூட்டத்தில் உட்காருங்கள்.

நன்றி, வணக்கம்.