பேராயரின் நாற்காலியில் உட்கார்ந்த பொடியன்! சர்ச் பசங்க சேட்டையின் கதை

வணக்கம் மக்களே! மாலை ஆராதனை. பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு வரி வந்ததும் பேராயர் எழுந்து ஆசனத்தை விட்டு இறங்குகிறார். பாடகர் குழுவில் நின்ற ஒரு பொடியன் போய் அதில் ஜம்மென்று உட்காருகிறான். யாரும் அவன் காதைத் திருகவில்லை!

இது நடந்தது இங்கிலாந்தில். ஆனால் நாம் பேசப்போவது மதுரை சர்ச்சுகளின் வாலிபர் சங்கப் பசங்க செய்யும் சேட்டையைப் பற்றி.

(திரையில்: பேராலயத்தின் பழைய ஓவியம்)

அந்தப் பொடியனுக்குப் பெயர் 'சிறுவன் பேராயர்', அதாவது பாய் பிஷப். இடைக்கால ஐரோப்பாவில் டிசம்பர் 6, புனித நிக்கோலா திருநாளில் பாடகர் குழுப் பையன் ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் திருநாள் வரை அவனுக்குப் பேராயர் அங்கி, கையில் செங்கோல், எல்லாம் உண்டு. நாற்காலி கைமாறும் அந்த வரி எது தெரியுமா? மரியாளின் பாட்டு, லூக்கா 1:52. "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்." வசனத்தைப் பாடிக்கொண்டே வசனத்தைச் செய்தும் காட்டிவிட்டார்கள். எனக்கு இதில் அப்படியொரு சந்தோஷம்!

1541ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி இதற்குத் தடை போட்டார். ஆசனத்தை விட்டு இறங்குவது என்றாலே மனிதருக்கு ஆகாது போல. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் பேராலயத்தில் இந்தப் பழக்கம் பிற்காலத்தில் மறுபடி உயிர் பெற்றது.

அங்கிருந்துதான் மதுரைக்கு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் 'கிறிஸ்மா, கிறிஸ் சைல்ட்' விளையாட்டைப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் எல்லார் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்குவார்கள். உங்கள் கையில் வருகிற பெயர் உங்கள் கிறிஸ் சைல்ட். நீங்கள் யார் என்பது கிறிஸ்துமஸ் மரம் நிகழ்ச்சி வரை ரகசியம். அதுவரை மொட்டைக் கடிதத்தில் டாஸ்க் போகும். கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால் எழுதுகிற ஆள்களும் உண்டு, அடுத்த தெரு தங்கச்சியை எழுத வைக்கிற ஆள்களும் உண்டு.

குலுக்கலில் ஆயர், அதாவது சபையின் பாஸ்டர், பெயரும் இருந்தால்தான் வேடிக்கையே. சீட்டு எடுத்தது ஒன்பதாம் வகுப்புப் பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஐயா, வருகிற ஞாயிறு அறிவிப்பு வாசிக்கும்போது ஜிகர்தண்டா என்று ஒருமுறை சொல்லவும். இப்படிக்கு, அன்புள்ள கிறிஸ்மா." ஞாயிறு வருகிறது. பெண்கள் ஐக்கியக் கூட்டம், ஞாயிறு பள்ளிப் போட்டி எல்லாம் வாசித்து முடித்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் ஆயர் சொல்கிறார்: "கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் உண்டு, ஜிகர்தண்டா இல்லை." பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள். பின்வரிசையில் பாட்டுப் புத்தகத்துக்குள் நாலு தலைகள் குலுங்குகின்றன. பாவம், சிரித்தவன் மாட்டினான்!

எழுதாத சட்டம் ஒன்று உண்டு: அறிவிப்பில் விளையாடலாம், பிரசங்கத்திலும் திருவிருந்திலும் கூடாது. இன்னொன்று என் சொந்தச் சட்டம்: வாலிபர் சங்க லீடர் அண்ணன் சின்னப் பையனை எல்லார் முன்னாலும் அழ வைத்தால் அதற்குக் குறும்பு என்று பெயர் இல்லை. சேட்டை கீழேயிருந்து மேலே போகட்டும்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவார்களே, அதுவும் இதற்குத் தோதான இடம். லீடர் அண்ணன் சும்மா ஒரு பூசணிக்காய்க்கு நூறு ரூபாய் என்று கை தூக்குவார். பையன்கள் ஆளாளுக்கு ஏற்றிவிட்டு, எண்ணூறில் கப்சிப்! காணிக்கை சபைக்குத்தான் போகிறது, அதனால் அண்ணனால் கோபப்படவும் முடியாது.

அப்புறம் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். ஆயர் வீட்டை வேண்டுமென்றே கடைசியில் வைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு வாசலில் டிரம்மை அடிப்பார்கள். தூங்கா நகரம் என்றால் ஆயரும் தூங்கக் கூடாதாம். விவரமான ஆயர் என்றால் திட்ட மாட்டார். கதவைத் திறந்து, கேக் கொடுத்து, "ஒரு சின்ன ஜெபம்" என்பார். சின்ன ஜெபமா? ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி ஒப்புக்கொடுப்பார். "ஆண்டவரே, இந்த மகன் வைத்திருக்கிற மூன்று அரியரையும் நினைத்தருளும்" என்னும்போது, அவன் வீட்டுக்கே தெரியாத அரியர் பாடகர் குழு அக்காமார் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. நியாயமான பதிலடி என்றே சொல்வேன், தம்பிகள் மன்னிக்கவும்.

உங்கள் சபையில் நடந்த சேட்டையைக் கமென்ட்டில் போடுங்கள். ஆயர் பெயரை மட்டும் போடாதீர்கள், அவரும் இந்தச் சேனலைப் பார்க்கக்கூடும்.