எந்திரிச்சு நிக்கிறதுக்குள்ள உடம்புக்குள்ள என்னென்ன நடக்குது

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடத்துல உடம்பை நமக்குத் தனித்தனி பாடமாத்தான் சொல்லிக் குடுத்தாங்க, செரிமான மண்டலம் ஒரு பாடம், ரத்த ஓட்டம் ஒரு பாடம், நரம்பு மண்டலம் இன்னொண்ணு, ஒவ்வொண்ணுக்கும் படம் வரைஞ்சு பாகம் குறிச்சா மார்க். அதுலயே ஊறிப்போய் ஹார்ட் தனி, கிட்னி தனி, நுரையீரல் தனின்னு இன்னமும் நினைச்சுக்கிட்டிருக்கோம். உள்ள அப்படி ஒரு பாகப்பிரிவினையே கிடையாதுங்க. அதைக் காட்டத்தான் இன்னைக்கு ஒரே ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கிட்டேன். நீங்க நாற்காலிய விட்டு எந்திரிக்கிறீங்களே, அது.

பெரியவங்க உடம்புல சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கு. எந்திரிச்சதும் அதுல அரை லிட்டருக்கும் மேல அடிவயித்துக்கும் காலுக்கும் இறங்கிடுது. ஹார்ட்டுக்குத் திரும்பி வர்றது குறையுது, பிரஷர் விழப் பாக்குது, மூளையோ உச்சியில உக்காந்திருக்கு. இப்ப கையைத் தாடைக்குக் கீழ கழுத்துல வச்சுப் பாருங்க, நாடி துடிக்குதா? அந்தக் குழாய் ரெண்டாப் பிரியிற இடத்துல சுவருக்குள்ள நரம்பு முனைகள் இருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் சுவர் எவ்வளவு விரியுதுன்னு அதுங்க பாத்துக்கிட்டே இருக்கும். விரியறது குறைஞ்சா உடனே மூளையோட அடியில இருக்கிற முகுளத்துக்குத் தெரிஞ்சுடும், அங்கிருந்து உத்தரவு கிளம்பி ஹார்ட் வேகமா அடிக்கும், ரத்தக்குழாய்ங்க இறுகும், எல்லாம் சில நொடிக்குள்ள, நீங்க அடுத்த அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள முடிஞ்சுடும். நடக்க ஆரம்பிச்சதும் கெண்டைக்கால் சதை வேற சிரைகளை, அதாவது ரத்தத்தை ஹார்ட்டுக்குத் திருப்பிக் கொண்டு போற குழாய்களை, அமுக்கி ரத்தத்தை மேல தள்ளுது, அது திரும்பக் கீழ இறங்காம சிரைக்குள்ள இருக்கிற வால்வு தடுக்குது. 1628ல ரத்தம் சுத்தி வருதுன்னு இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி எழுதினப்போ கையில இருக்கிற இந்த வால்வைத்தான் ஆதாரமாக் காட்டினாரு.

இது அவசர ஏற்பாடு. ரொம்ப நேரமா தண்ணி குடிக்கல, வேர்த்துக் கொட்டிருச்சு, பிரஷர் தொடர்ந்து கம்மியா இருக்குன்னு வைங்க, அப்ப கிட்னி களத்துல இறங்கும். எனக்கு உடம்புலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கல்லீரல் ஆஞ்சியோடென்சினோஜென்னு ஒரு புரதத்தை எப்பவும் செஞ்சு ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கு, அது பாட்டுக்கு சும்மா சுத்திக்கிட்டிருக்கும். கிட்னி ரெனின்னு ஒண்ணைச் சுரந்து அதுல ஒரு துண்டை வெட்டி எடுக்குது. அந்தத் துண்டாலயும் பெருசா ஒண்ணும் ஆகாது, நுரையீரல் வழியாப் போறப்போ அங்க இருக்கிற ரத்தக்குழாய் சுவர்ல ஒரு என்சைம் அதை இன்னும் கொஞ்சம் நறுக்குது, அப்பதான் அதுக்கு வீரியமே வருது. குழாய்களை இறுக்குது, தாகத்தைத் தூண்டுது, கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி இருக்கிற அட்ரினல் சுரப்பியைத் தட்டி எழுப்புது, அது ஆல்டோஸ்டிரோன்கிற ஹார்மோனை அனுப்பி உப்பை வெளிய விடாதேன்னு கிட்னிகிட்டயே திரும்பச் சொல்லுது. உப்பு நின்னா தண்ணி நிக்கும். ரத்தத்துல இருக்கிற தண்ணியைத் திரும்பத் திரும்ப ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, அதுல ஒண்ணு ரெண்டு லிட்டர் மட்டும் சிறுநீரா வெளிய அனுப்புற உறுப்புங்க அது, அந்த அளவை லேசா மாத்தினாலே போதும்.

மூச்சு விடறதுக்குத்தான் நுரையீரல்னு படிச்சோம், அது பிரஷர் வேலையும் பாக்குது பாத்தீங்களா?

இந்த என்சைமைத் தடுத்தா பிரஷர் குறையும்னு கண்டுபிடிக்க வழிகாட்டினது பிரேசில்ல இருக்கிற ஜரராக்காங்கிற விரியனோட விஷம். அந்த விஷத்துல இருந்த பொருளை வச்சு ஆராய்ச்சி பண்ணித்தான் கேப்டோப்ரில் மாத்திரை வந்துச்சு, 1981ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. எனாலாப்ரில், ராமிப்ரில்னு 'ப்ரில்'ல முடியிற மாத்திரை எல்லாம் அதே குடும்பம். அதைப் போடுற சில பேருக்கு வறட்டு இருமல் வரும். ஏன்னா அதே என்சைம்தான் பிராடிகைனின்னு இன்னொரு பொருளையும் உடைக்குது, தடுத்துட்டா அது உடையாமத் தேங்கி இருமலைக் கிளப்பிடுது. இருமல் மருந்தை மாத்தி மாத்திக் குடிச்சாலும் இது போகாது. அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா வேற வகை எழுதித் தருவாரு. பிரஷர் மாத்திரை போடுறவங்க, வயசானவங்க, காலையில படுக்கையில இருந்து சடார்னு எந்திரிக்காம கொஞ்சம் உக்காந்திருந்துட்டு எந்திரிங்க, அப்படியும் அடிக்கடி கண்ணை இருட்டிக்கிட்டு வந்தா உக்காந்தும் நின்னும் ரெண்டு தடவை பிரஷர் பாக்கச் சொல்லிக் கேளுங்க.