மாத்திரையும் தாய்ப்பாலும்

வணக்கம் நேயர்களே. குழந்தை பெற்றவளுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "மாத்திரை போட்டுட்டியா? அப்போ பால் கொடுக்காதே" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சில சமயம் மருந்துக்கடையிலேயே சொல்வார்கள். மருந்தியல் பாடம் நடத்துகிற எனக்கு இதைக் கேட்டால் பொறுக்காது.

தாய் விழுங்கும் மருந்து முதலில் அவள் ரத்தத்தில் கலக்கிறது. அதில் கொஞ்சம்தான் பாலுக்கு வருகிறது. இருவரின் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டு, தாய் சாப்பிடும் அளவில் 10 சதவீதத்துக்கும் குறைவாகக் குழந்தைக்குப் போனால் பெரும்பாலும் கவலை இல்லை என்பது வழக்கம். பாராசிட்டமால், இபுப்ரோஃபென், அமாக்சிசிலின் எல்லாம் அந்த வரம்புக்குள் வருபவை. காசநோய்க்கு முதலில் தரும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களும் பால் கொடுக்கலாம்.

இன்னொன்று. பாலைப் பீய்ச்சிக் கொட்டினால் மருந்து போய்விடும் என்கிறார்கள். போகாது. ரத்தத்தில் மருந்து குறையும்போது, பாலில் இருப்பதும் திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். கொட்டுவது வீண்.

சரி, நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். வலிப்பு மருந்து. காய்ச்சல் மாத்திரை நாலு நாளில் முடியும்; வலிப்புக்காரப் பெண் வருடக்கணக்கில் மாத்திரை போட வேண்டும். மூளையில் வேலை செய்கிற மருந்தாயிற்றே, வளரும் குழந்தையின் மூளை என்னாகும்? நியாயமான பயம்தான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கார்பமஸெபின், லாமோட்ரிஜின், ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் ஆகியவற்றில் ஒன்றைச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 6 வயதில் 181 பிள்ளைகளைச் சோதித்த முடிவு 2014-ல் வெளிவந்தது. தாய்ப்பால் குடித்த பிள்ளைகளின் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., 108, குடிக்காதவர்களுடையது 104. மருந்து கலந்த பாலைக் குடித்தவர்கள் பின்தங்கவில்லை! அந்த 4 புள்ளியும் பாலால்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பால் கொடுக்கிற குடும்பங்கள் வேறு விதங்களிலும் மாறுபடலாம். ஆனால் பால் கெடுத்தது என்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. வால்ப்ரோயேட் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கிறது, அது உண்மை. அது கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம். கருவில் நடப்பதையும் பாலில் நடப்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் என் கோபம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். எச்சரிக்கைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கோடீன், டிராமடால் கலந்த வலி மாத்திரைகள் பால் கொடுப்பவர்களுக்கு வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-ல் சொன்னது. சில தாய்மார் உடம்பில் அவை வேகமாக மார்ஃபின் போன்ற பொருளாக மாறி, குழந்தையின் மூச்சை மந்தமாக்கலாம். சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தால் பால் சுரப்பு குறையலாம். புற்றுநோய் மருந்து, கதிரியக்க அயோடின் என்றால் டாக்டரைக் கேட்காமல் பால் கொடுக்கவே கூடாது. 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கத்தை விட அதிகம் தூங்கி, பால் குடிக்க எழாமல் கிடந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், தாய் சாப்பிடும் மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு.