ஒரு ஜாமமும் பல ஜாமங்களும்

அனைவருக்கும் வணக்கம்.

கவிஞர் சல்மாவின் வாழ்க்கையும் எழுத்தும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இப்படித் தலைப்புக் கொடுத்தால் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாழ்க்கைக்கு முக்கால் மணி, எழுத்துக்குக் கால் மணி என்று பிரித்துக்கொள்வார்கள். சல்மா விஷயத்தில் அந்தக் கால் மணியும் கிடைப்பதில்லை. அவர் வாழ்க்கை அப்படி. ஒரு கவிதைகூடப் படிக்காமல் அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிடலாம். பேசவும் பேசுகிறார்கள். அதனால் நான் இலக்கணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பயப்படாதீர்கள், ஒரே ஒரு விகுதிதான்.

2000-இல் காலச்சுவடு வெளியிட்ட அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’. அதில் ‘இரண்டாம் ஜாமத்துக் கதை’ என்று ஒரு கவிதை. நாலு வருடம் கழித்து, 2004-இல், நாவல் வருகிறது. அதன் பெயர் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. ஜாமம், ஜாமங்கள் ஆகிவிட்டது. கூடியது ‘கள்’ விகுதி மட்டும்தான். அதற்கு இடம் கொடுக்க அத்தனை பெரிய நாவல் வேண்டியிருந்திருக்கிறது.

ஜாமக் கணக்கு உங்களுக்குத் தெரியும். ஒரு ஜாமம் மூன்று மணி நேரம். பொழுது சாய்ந்து ஆறு மணிக்குத் தொடங்கினால், இரண்டாம் ஜாமம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, ஒரு பெண் படுக்கையறைக்குள் போகிற நேரம். லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2009-இல் வந்தபோது, தலைப்பில் நேரம் நள்ளிரவைத் தாண்டிப் போய்விட்டது. கணக்குப் பார்த்தால் கொஞ்சம் இடிக்கிறது. போகட்டும், நம் ஊரிலும் ரெண்டாம் ஜாமம் என்றால் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

அந்தக் கவிதையில் பேசுபவள் பிள்ளை பெற்ற மனைவி. பிரசவத்துக்குப் பிறகு கணவன் அவள் உடம்பில் பழைய அழகைத் தேடுகிறான். கிடைக்கவில்லை என்று முகம் சுளிக்கிறான். அவள் தன் வயிற்றின் கோடுகளைப் பார்க்கிறாள். அறையில் இரண்டு பேர், ஒரு குரல், அவ்வளவுதான். இதே தொகுப்பில் ‘ஒப்பந்தம்’ என்ற கவிதையிலும் அதே படுக்கையறை. ஆனால் அங்கே கூட்டம் கொஞ்சம் அதிகம். அம்மா நாசூக்காகச் சொல்வதை அக்கா கோபமாகச் சொல்கிறாள், படுக்கையறையில் நடக்கும் தவறெல்லாம் உன்னுடையதுதான் என்று. கவனியுங்கள், அம்மாவும் அக்காவும் கதவுக்கு வெளியேதான் இருக்கிறார்கள். ஆனால் உள்ளே அவர்கள் பேச்சுக் கேட்கிறது. நாவலின் விதை இங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

சரி, இப்போது வாழ்க்கைக்கு வருவோம். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சி. பிறந்தது 1968. பெயர் ரொக்கையா. ஊர் நூலகத்தில் படித்துத் தீர்த்துக்கொண்டிருந்த பெண். பதின்மூன்று வயது, ஒன்பதாம் வகுப்பு. தோழிகளோடு சினிமாவுக்குப் போனார். போய் உட்கார்ந்த பிறகுதான் அது சிறுமிகள் பார்க்கிற படம் இல்லை என்று தெரிந்தது. விஷயம் ஊருக்குள் பரவியது. வீட்டில் அடி விழுந்தது, படிப்பு நின்றது. வயதுக்கு வந்த குமரை வீட்டுக்குள் வைப்பது வழக்கமாக இருந்த ஊருக்கு இது ஒரு சாக்கு. அப்புறம் ஒன்பது வருடம் வீடும் சன்னலும்தான். மளிகைச் சாமான் கட்டி வரும் காகிதத்தைக்கூட விடாமல் படித்த காலம் அது.

கல்யாணம் ஆன பிறகு எழுதுவதே குற்றமாயிற்று. காலண்டர் தாளில் எழுதி, துணிகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். இரவில் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு எழுதியிருக்கிறார். எழுதியது வெளியே போக அம்மாதான் வழி. பள்ளிக்கு அனுப்ப மறுத்த அதே வீட்டின் அம்மாதான். ‘சல்மா’ என்ற பெயர் அப்போது வைத்துக்கொண்டது, யார் என்று ஊருக்குத் தெரியாமல் இருக்க.

கழிப்பறையில் நின்றுகொண்டு ஐந்நூறு பக்க நாவல் எழுத முடியாது. கவிதைதான் முடியும். மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம், மனசிலேயே எழுதி வைத்திருந்து ஒரு நிமிடத்தில் இறக்கிவிடலாம். அவர் கவிதைகளின் சுருக்கத்தை அழகியல் என்று விமர்சகர்கள் பாராட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். நேரமும் இடமும் அவ்வளவுதான் இருந்தன, ஐயா!

பிறகு 2001 உள்ளாட்சித் தேர்தல். அன்றைக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு. பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. குடும்பம் போட்டியிட வேண்டுமென்றால் வீட்டுப் பெண்தான் நின்றாக வேண்டும். நிற்கிறவரை ஒளித்து வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்க முடியுமா? ரொக்கையா தெருவுக்கு வந்தார், ஜெயித்தார், 2006 வரை தலைவராக இருந்தார். அந்தப் பதவிக் காலத்துக்குள்தான் 2003-இல் ‘பச்சை தேவதை’ தொகுப்பும் 2004-இல் நாவலும் வந்தன. வீடு வீடாகப் போய்ப் பேசக் கிடைத்த அந்த வருடங்கள் நாவலுக்கு எவ்வளவு கொடுத்தன என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால் நாவலுக்குள் நுழைந்தால் ஒரு தெருவே எதிரே வருகிறது.

முதல்முறை படித்தபோது பின்னட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் குடும்ப வரைபடம் போட்டுக்கொண்டுதான் படித்தேன். யார் யாருக்கு என்ன உறவு என்று அத்தனை பேர். ஜொஹரா, ரஹீமா, ஃபிர்தவ்ஸ், வஹிதா. இவர்களுக்கு நடுவே ராபியா என்ற சிறுமி. அவளும் வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போகிறாள், அவளுக்கும் அடி விழுகிறது. இதைச் சொந்தக் கதை என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கவிதையில் அடி வாங்கியவளின் குரல் மட்டும்தான் இருந்தது. நாவலில் அடிக்கிற தாய்க்கும் இடம் இருக்கிறது. அவள் எதற்கு அஞ்சுகிறாள், அடித்துவிட்டு எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதெல்லாம் இருக்கிறது. கதவுக்கு வெளியே குரலாக மட்டும் நின்ற அம்மாவும் அக்காவும் இப்போது உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு இரண்டாம் ஜாமம் இருக்கிறது. ‘கள்’ விகுதி என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆண்கள் நாவலில் வந்து போகிறார்கள். சமையலறையில், மாடியில், கல்யாண வீட்டில் பெண்கள் பேசிக்கொள்ளும் பேச்சுத்தான் நாவலைச் சுமக்கிறது. கேலி, வசை, பச்சையான சிரிப்பு எல்லாம் உண்டு. தமிழில் பெண் கவிஞர்கள் உடலைப் பற்றி எழுதுவதே தவறு என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்படி எழுதியதற்காக வசை வாங்கியவர்களில் சல்மாவும் ஒருவர்.

பின்னால் வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ‘சாபம்’ சிறுகதைகள் 2012. கிம் லாங்கினாட்டோ எடுத்த ‘சல்மா’ ஆவணப்படம் 2013. ‘மனாமியங்கள்’ 2016, அதில் மெஹர் இரண்டாவது மனைவி கொண்டுவந்த கணவனிடமிருந்து தானே பிரிகிறாள். ‘அடைக்கும் தாழ்’ 2022. ‘மனாமியங்கள்’ கட்டுக்கோப்பான நாவல். எனக்கு அந்த முதல் நாவலின் இரைச்சல்தான் பிடிக்கும். கலைந்து கிடக்கிறது என்று குறை சொல்கிறவர்கள் கல்யாண வீட்டுச் சமையலறைக்குள் போனதில்லை போலிருக்கிறது.

அரசியலிலும் ஏற்ற இறக்கம்தான். 2006-இல் திமுக வேட்பாளராக மருங்காபுரி சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றார். பிறகு சமூக நலவாரியத் தலைவர் பொறுப்பு. 2025-இல் மாநிலங்களவைக்குப் போட்டியின்றித் தேர்வானார். அப்போது கட்சி அறிவிப்பில் ரொக்கையா மாலிக் என்ற பெயரும் கவிஞர் சல்மா என்ற பெயரும் சேர்ந்தே வந்தன. ஒன்று மற்றொன்றை மறைக்க வைத்த பெயர்.

நேரம் ஆகிவிட்டது, மணி அடிக்கிறார்கள். அடுத்து ‘ஒப்பந்தம்’ கவிதையை ஒருவர் வாசிக்கப் போகிறார். சின்னக் கவிதை. கவிதையில் கணவன் கேட்கும் கேள்வி ஒன்று வரும், தினமும் அறைக்குள் அவளை எதிர்கொள்ளும் முதல் பேச்சு அதுதான். அந்த இடத்தில் அவசரப்படாமல் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நன்றி.